குப்லு கூப்பிட மறுத்த பெயர்

குப்லுவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வடதுருவத்துப் பனிநாட்டில் பெல்லி வளைகுடாப் பக்கம் யாரைக் கேட்டாலும் அவனைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். சக்கரத்தையே கண்டிராத ஊர் அது. கண்டிருந்தால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்றிருப்பார்கள். பனிவீடு ஒன்றைக் கட்டி ஒரே ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் போதும், மறுநாள் சறுக்குவண்டி நாய்களுக்கு வாரைப் பூட்டிக்கொண்டு நிற்பான். வேட்டைக்குச் சீல் என்னும் கடல்நாய் நிறையக் கிடைக்கும் இடமாக இருந்தாலும், "அந்தப் பக்கம் இதைவிட நல்லா இருக்கும்" என்பான். அந்தப் பக்கம் போன பிறகு இந்தப் பக்கத்தைக் காட்டி அதையே சொல்வான்.

வீடு கட்டுவதிலும் அதே பரபரப்புதான். ஆள் சோம்பேறி இல்லை. பனிக்கத்தியைக் கையில் எடுத்தால் கட்டிகள் மளமளவென்று வந்து விழும். நடுவில் நின்றபடி தன்னைச் சுற்றி வளைத்து வளைத்து அடுக்கி, உச்சிக் கட்டியையும் வைத்து மூடிவிடுவான். வெளியே நின்று சந்துகளில் பொடிப்பனி அடைக்கிற அவன் மனைவி நிவியாக்குக்குத்தான் வேலை இரட்டிப்பு. கை நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருப்பான்.

"காத்து வர வேண்டாமா?" என்று உள்ளே இருந்து கேட்பான்.

"காத்து வரட்டும். கரடி வரக் கூடாதில்ல" என்பாள் அவள்.

ஊர் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருவர், "அயாலிக் கட்டினா எப்படி இருக்கும்!" என்று ஆரம்பிப்பார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியாது. ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான்.

அயாலிக் நிவியாக்கின் முதல் கணவன். மகா நிதானக்காரன். நீளக் குச்சியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்து, அடி வரைக்கும் ஒரே புயலில் விழுந்த பனிதானா என்று நிச்சயப்படுத்துவதற்குள் மற்றவர்கள் பாதி வீடு எழுப்பிவிடுவார்கள். ஆனால் அவன் கட்டிய வீட்டில் விளக்குச் சுடர் ஆடாது. கூரைமேல் ஆள் ஏறி நிற்கலாம். குப்லுவே ஏறி நின்றிருக்கிறான். மீசை முளைக்காத அந்த வயதில் "அண்ணே, அண்ணே" என்று அயாலிக்கின் பின்னாலேயே சுற்றியவன் அவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன் கடல்மேல் உறைந்திருந்த பனி பிளந்து அயாலிக்கைக் கொண்டுபோய்விட்டது. துக்கமெல்லாம் கழிந்த பிறகு குப்லு நிவியாக்கைக் கேட்டான். அவளும் சம்மதித்தாள். ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குப்லுவின் மனம்தான் சும்மா இருக்கவில்லை. அந்தக் கரை நெடுக, பனி நன்றாக இறுகிக் கிடக்கும் மேடு எதுவோ அங்கெல்லாம் அயாலிக் ஏற்கனவே வீடு கட்டிப் படுத்திருக்கிறான். நிவியாக்கும் உடன் படுத்திருக்கிறாள். அப்படிப்பட்ட இடத்தில் கத்தியை இறக்கவே குப்லுவுக்குக் கை கூசும். வேறு இடம், இன்னும் வேறு இடம் என்று ஓடினான். பாவம், அவன் ஓடியதெல்லாம் இதற்காகத்தான். ஊர் அதைக் கால் அரிப்பு என்று நினைத்துக்கொண்டது.

இந்த நிலையில் நிவியாக் கருவுற்றாள். குப்லுவுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போனது.

செத்தவர் பெயர் அங்கே வீணாகக் கிடப்பதில்லை. பிரசவ வலியின்போது ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். எந்தப் பெயருக்குப் பிள்ளை வெளியே வருகிறதோ, அந்த ஆள்தான் திரும்பி வந்திருக்கிறார். அப்புறம் ஆணோ பெண்ணோ, அந்தப் பெயர்தான், அந்த உறவுமுறைதான். உங்கள் மாமியார் உங்கள் மகனாகப் பிறந்தால் மகனை அத்தை என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். அயாலிக்கின் பெயரைப் பல பிரசவங்களில் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. எந்தப் பிள்ளையும் அதற்கு அசையவில்லை. "அவரு நிவியாக் வயித்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு" என்று பெண்கள் பேசிக்கொண்டது குப்லுவின் காதில் விழுந்தது. அப்படி நடந்தால் அவள் அந்தப் பிள்ளையை என்னவென்று கூப்பிடுவாள்? என் வீட்டுக்காரரே என்றுதான். அப்புறம் தன் வீட்டில் தான் யார்? இந்தக் கேள்வி எலும்பைக் கடிக்கும் நாய் மாதிரி அவனை விடாமல் கடித்தது.

பிரசவம் பார்க்க அர்னாலுக் வந்திருந்தாள். வாய் நீளம், கை சுத்தம். அவளைத் தனியே பிடித்தான்.

"அக்கா, எந்தப் பேரை வேணும்னாலும் கூப்பிடுங்க. எங்கப்பா வரட்டும், எங்கம்மா வரட்டும், யாரு வந்தாலும் சந்தோஷம். அந்த ஒரு பேரு மட்டும் வேண்டாம்."

"எந்த ஒரு பேரு? வாயத் தொறந்து சொல்லேன்."

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"அட! சொல்றதுக்கே இந்த நடுக்கமா? சரி போ, நான் கூப்பிடலை. ஆனா ஒண்ணு, புள்ள உன்னைக் கேட்டுக்கிட்டு வராது."

நிறைமாத மனைவியை வைத்துக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தானா என்றால், அதுவும் இல்லை. மேற்கே உறவினர் கூடியிருக்கும் முகாமுக்குப் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். இரண்டு சறுக்குவண்டிகள் கிளம்பின. ஒன்றில் குப்லுவும் நிவியாக்கும், இன்னொன்றில் அர்னாலுக்கும் அவள் கணவன் உக்பிக்கும். நீண்ட இருட்டு முடிந்து சூரியன் அடிவானத்தில் தலைகாட்டத் தொடங்கிய காலம். பாதி வழியில் நிவியாக் வண்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சிருச்சு" என்றாள்.

உக்பிக் பாறைச் சரிவின் அடியில் இருந்த பனிமேட்டைக் காட்டினான். "மாப்ளே, கண்ணு முன்னால கெடக்கு பாரு. கொழுப்பு மாதிரி வெட்டலாம். நிறுத்து."

குப்லு பார்த்தான். அந்த மேட்டை அவனுக்குத் தெரியும். அயாலிக் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்திருக்கிறான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா இதைவிட நல்ல பனி இருக்கு மச்சான்."

"உனக்கு எப்பவும் தள்ளித்தான் இருக்கும்! பொம்பள வலியில கெடக்கா, இப்பவுமா?"

குப்லு காதில் வாங்காமல் நாய்களை விரட்டினான். தள்ளி இருந்த பனி நல்ல பனி இல்லை. இரண்டு புயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுப்போன பனி அது. மேலே கெட்டி, நடுவில் மணல் போல உதிரும் ஒரு அடுக்கு. குச்சி உள்ளே இறங்கும்போதே அவன் கைக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் "போதும்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தான். எந்தச் சிறுபிள்ளையும் செய்யாத தவறு. திரும்பிப் போவதற்கு அவன் கால் ஒப்பவில்லை.

பிள்ளை பெறுகிறவளுக்குத் தனி வீடு வேண்டும். எல்லோரும் படுக்கிற வீட்டில் பெறக் கூடாது. அவள் ஒருத்திக்கு மட்டும் சின்னதாக எழுப்பினான். கட்டிகள் கையிலேயே இரண்டாக ஒடிந்தன. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு எப்படியோ மூடினான். நிவியாக் தோல்விரிப்பில் மண்டியிட்டாள். அர்னாலுக் விளக்கை ஏற்றிவிட்டு நுழைவாயை அடைத்துக்கொண்டாள்.

விளக்குச் சூடு ஏறியதும் வீடு பேசத் தொடங்கியது. இடுப்பு உயரத்தில் ஒரு கட்டி நெரிந்து வெளிப்பக்கம் பிதுங்கியது. மேலே உள்ள பாரமெல்லாம் அதன்மேல்தான். வெளியே நின்ற குப்லு பாய்ந்து முதுகைக் கொடுத்தான்.

உக்பிக் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "நான் போய் அந்த மேட்டுப் பனியை வெட்டிக்கிட்டு வர்றேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னே, உன்னையும் சேர்த்து சுவத்துல வச்சு அடைச்சிருவேன்."

குப்லு வேண்டாம் என்று சொல்லவில்லை. உக்பிக்கின் வண்டி போய் மறைந்தது.

இப்படியாக, ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவன் நின்றான். நகர்ந்தால் கூரை நிவியாக்கின் தலையில் விழும். முதுகு மரத்தது. கால்கள் ஓடத் துடித்தன; ஓட முடியவில்லை. உதிர்ந்த சந்து வழியாக உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. அர்னாலுக் அவன் அப்பாவைக் கூப்பிட்டாள். நிவியாக் முக்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டாள். நிவியாக்கின் அத்தையை, பசிக் காலத்தில் போன பெரியப்பாவை, உக்பிக்கின் தங்கையை. ஒவ்வொரு பெயருக்கும் குப்லு மூச்சைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, நீங்களாவது வாங்க" என்று கெஞ்சினான். யாரும் வரவில்லை. நிவியாக்கின் குரல் இறங்கிக்கொண்டே போனது. முதலில் அலறினாள், பிறகு முனகினாள், பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"அக்கா! என்னக்கா ஆச்சு? ஏன் சத்தமே இல்ல?"

"தெம்பு போயிருச்சுடா. புள்ள திரும்பி நிக்குது, வர மாட்டேங்குது." அர்னாலுக்கின் குரலில் வழக்கமான கேலி இல்லை. "எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் தீர்ந்துபோச்சு. நான் வாக்குக் குடுத்தவ. இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நிவியாக்! நிவியாக்!"

"தண்ணி..." என்றாள் உள்ளே. அவ்வளவுதான்.

அவளாவது அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். செத்தாலும் சொல்ல மாட்டாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்னைக் கட்டிக்கொண்ட இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஊர்தான் சொன்னது. அவன் மனம்தான் சொன்னது. அவள் சந்தை அடைத்தாள், சிரித்தாள், எங்கே கிளம்பினாலும் கூடவே வந்தாள். குப்லுவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

முகத்தைத் திருப்பிச் சந்தில் வாயை வைத்தான்.

"அயாலிக்!"

நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"அயாலிக்கண்ணே! நான்தான், குப்லு. வாங்கண்ணே! அவ தாங்க மாட்டா. உங்க எடம்தான், வந்து எடுத்துக்குங்க. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க, இப்ப வந்துருங்க. அயாலிக்கண்ணே!"

உள்ளே நிவியாக் ஒரு பெரிய அலறல் அலறினாள். அர்னாலுக் "அப்படித்தான், அப்படித்தான், விடாதே" என்று கத்தினாள். குப்லு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். எத்தனை தடவை கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. அலறலுக்கு மேல் இன்னொரு குரல் கேட்டது. புதுக் குரல், கோபக் குரல்.

"பொண்ணு!" என்றாள் அர்னாலுக். "கூப்பிட்ட வாய மூடறதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு பாரேன், மனுஷன்! அழுகையைப் பாரு. இந்த வீட்டைப் பார்த்துட்டுத்தான் அழறாரு."

"அவ? அவ எப்படி இருக்கா?"

"இருக்கா, இருக்கா. நீ சுவத்தை விட்டுராதே."

சூரியன் எழுந்த வேகத்தில் சாயத் தொடங்கியிருந்தது. தூரத்தில் உக்பிக்கின் வண்டி நல்ல கட்டிகளை ஏற்றிக்கொண்டு வருவது தெரிந்தது. உள்ளே நிவியாக் மிக மெதுவாக, "வந்துட்டீங்களா, வீட்டுக்காரரே" என்று பிள்ளையிடம் சொல்வது குப்லுவுக்குக் கேட்டது. வலிக்கும் என்று எதிர்பார்த்தான். வலிக்கத்தான் செய்தது.

"நிவியாக்" என்றான் சந்து வழியாக. "அவருக்கு எம்மேல கோபம் இருக்குமா?"

"என்ன கோபம்?"

"உன்னைக் கட்டிக்கிட்டேன். அவரை வரவிடாம இருந்தேன்."

பிள்ளை சப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஊர்ல எத்தனை பேரு அவரைக் கூப்பிட்டாங்க" என்றாள் நிவியாக். "யாருக்காவது வந்தாரா? நீ கூப்பிட்டே, வந்தாரு."

குப்லு வலியெடுத்த முதுகைச் சுவரில் இன்னும் அழுத்திக்கொண்டு, சந்துப் பக்கம் தலையைச் சாய்த்தான்.

"அண்ணே" என்றான். "குளிருதாண்ணே? இருங்க, இதோ அடைச்சிடறேன்."