பேருந்தில் வந்த மாப்பிள்ளைகள்

என் நாத்தனாரை எல்லோரும் அணில் என்றுதான் கூப்பிடுவார்கள். விதைப் பண்ணையில் மரமேறுவது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியும் இடுப்பில் கயிறு கட்டி உச்சிக்குப் போய்விடுவாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரு காலத்தில் வீட்டையே எதிர்த்து நின்றவள், பண்ணையின் மேற்கு வரிசை மரங்களுக்காகவும் அப்படித்தான் நின்றாள்.

அவை அவள் கையால் நட்ட மரங்கள். வருடா வருடம் பூத்துக் குலுங்கும். காயை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்காது. இந்தப் பருவமும் இப்படியே போனால் வெட்டிவிடுவது என்று மேலாளர் முடிவு செய்திருந்தார்.

"மலட்டு மரத்துக்கு எத்தனை வருஷம் தண்ணி ஊத்துறது?"

"மலடுன்னு யாரு சொன்னா? எல்லாம் ஒரே மரத்துக் கிளையில எடுத்த ஒட்டு சார். உடம்புதான் பத்து, ஆள் ஒண்ணு. தன்னைத்தானே கட்டிக்க முடியுமா?"

"தெரியும்மா. இதே ஜாதியில வேற மரம் மலைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு. தேனீ அவ்வளவு தூரம் வருமா?"

"வராது. நான் கூட்டிட்டு வரேன்."

துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். பிள்ளையில்லை என்றதும் பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்லும் கூட்டத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் வாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி நின்ற மரங்களில் ஏறி, மலரப்போகும் மொட்டுக் கிளைகளை வெட்டிப் போட்டாள். நான் வாளித் தண்ணீரில் நிறுத்தி, ஈரத்துணி போர்த்தினேன். நோயாளியை வண்டியேற்றுவதும் இதுவும் ஒன்றுதான்: வெயில் படக்கூடாது, குலுங்கக்கூடாது.

"வாளிக்கு டிக்கெட் எடுக்கணும்மா" என்றார் திரும்பும் பேருந்தின் நடத்துநர்.

"மாப்பிள்ளைங்கப்பா. பொண்ணு வீட்டுக்குப் போறாங்க."

"இத்தனை பேரா? அப்ப லக்கேஜ்தான். நிழல் பக்கம் வைங்க, போறதுக்குள்ள வாடிடப்போறாங்க."

வாளிகளை மேற்கு வரிசைக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டாள். மொட்டுகள் விரிந்தன. தேனீக்கள் அங்கும் இங்கும் போய்வந்தன. பூ உதிரும்வரை தினமும் ஏறித் தண்ணீர் மாற்றினாள். முதுகு பிடித்துக்கொண்டபோது தைலம் தேய்த்துத் திட்டினேன், காதில் வாங்கவில்லை.

காய் பிடித்தது. அது எப்போதும் பிடிப்பதுதான். முற்றியதும் மேலாளரே கத்தியோடு வந்து ஒன்றை அறுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று நிறைந்த பருப்பு. நம்பாமல் இன்னொன்று அறுத்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதை எடுத்தார்.

"போதும் சார். பிள்ளைங்களைப் பூரா அறுத்துடாதீங்க."

அந்த விதைகளைப் போட்ட நாற்றங்காலில் ஒன்றைப் போல் ஒன்று முளைக்கவில்லை; அப்பன்கள் வேறு வேறல்லவா. ஒன்று நெடுநெடுவென்று, ஒன்று குட்டையாக, ஒன்றின் கொழுந்து செக்கச்செவேலென்று. மேலாளர் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெட்டுற பேச்சு இனி இல்ல. வருஷா வருஷம் வாளி தூக்கவும் வேணாம். மலைக்கு அந்தப் பக்கத்து மரங்கள்ல ஒட்டு எடுத்து, வரிசைக்கு நடுவுலயே நட்டுடு."

"வீட்டோட மாப்பிள்ளையா? சரி சார்" என்று அணில் கடப்பாரையைத் தூக்கினாள்.