கார் வரைக்கும் வந்த திருவிருந்து

என் கொழுந்தனார் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனையோடு அவருக்கு நினைவு ஜெபம். ஊர், ராதாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஆறு கிலோமீட்டரில் பனங்காட்டுக்குள் இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து 63 கிலோமீட்டர். நானும் என் வீட்டுக்காரரும் காலை 5.45க்குக் காரில் கிளம்பினோம்.

நாங்குநேரியில் நிறுத்தினோம். திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குகிற நாளில் நான் வெறும் வயிற்றோடுதான் கோயிலுக்குப் போவேன். அவர் மட்டும் நான்கு இட்லியும் காபியும் சாப்பிட்டார், 65 ரூபாய். அவர் திருவிருந்து வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பங்குக் கிணற்றுத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்தினார். சகோதரனோடு ஒப்புரவாகாமல் வாங்கக்கூடாது என்று அதையும் நிறுத்தினார். பிறகு தம்பியும் போய்விட்டார், இனி ஒப்புரவாக ஆளில்லை. அடக்கத்தன்றுகூட கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டு வந்த மனுஷன்.

வள்ளியூரில் இடது பக்கம் திரும்பினால் வழியெல்லாம் காற்றாலைகள்தான். ரோடு நன்றாக இருக்கிறது. 7.40க்குப் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார்.

"நீ போ. நான் இங்கனயே இருக்கேன்" என்றார்.

காருக்குள் உட்காரவா 63 கிலோமீட்டர்? எனக்கு வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனேன்.

எல்லோரும் வாங்கி முடித்ததும், பீடத்துப் படியேறி வர முடியாதவர்களுக்குப் போதகர் பெஞ்சுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அன்று அவர் கடைசி பெஞ்சையும் தாண்டி, தட்டும் கிண்ணமுமாக வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணாச்சி, எறங்காண்டாம். கால் முடியாதவிய கார்ல இருக்காவன்னு கேள்விப்பட்டேன்" என்றார் போதகர்.

"கால் நல்லாத்தான் இருக்கு ஐயா. தம்பிகிட்ட பேசாமலே விட்டுட்டேன். நான் வாங்கக் கூடாது. காலைல நாலு இட்லி வேற தின்னுட்டேன்."

போதகர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் கொழுந்தனாரின் மனைவி எஸ்தர் நின்றிருந்தாள்.

"நாந்தான் சொன்னேன் ஐயா. அத்தானால உள்ள வர முடியலன்னுதான் சொன்னேன்" என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அவிய கோவத்தோடதான் போனாவ அத்தான். எனக்குங் கோவந்தான். அதுக்காவ ஆண்டவர் தாரத வேண்டாம்பியளா? வாங்குங்க."

அவர் இறங்கினார். செம்மண்ணில் முழங்கால் போட்டார். போதகர் குனிந்து கொடுத்தார். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், நானும்தான்.

ஐந்து வருஷமாக "போங்க, போங்க" என்று அவரைப் பிடித்துத் தள்ளியதுதான் நான் செய்தது. திருவிருந்தே அவரைத் தேடி இறங்கி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்குப் போயும் கடவுளின் இரக்கத்தை நான் அவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தேன்.

மதியச் சாப்பாடு எஸ்தர் வீட்டில். மூன்று மணிக்குக் கிளம்பி 4.30க்கு வீடு வந்தோம். போக வர பெட்ரோல் 700 ரூபாய். பஸ்ஸில் போனால் வள்ளியூரில் மாறுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், தாமிரபரணித் தண்ணீரில் பழகிய நாக்குக்கு அங்கே உப்புக் கரிக்கும். உள்ளே வர மாட்டேன் என்கிறவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். காரை மட்டும் வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். தட்டோடும் கிண்ணத்தோடும் வருகிறவருக்கு வெயிலில் நடை மிச்சம்.