தங்க நிற ரீல்

எங்கள் வீட்டில் சாமான் வாங்கும் வேலை என்னுடையது. தக்காளியைத் திருப்பிப் பார்க்காமல் எடுக்கமாட்டேன். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கூடையில் வைக்கமாட்டேன். மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் என் தலையைக் கண்டாலே அழுகல் சரக்கைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிடும் வியாபாரிகள் இருந்தார்கள். "இவளை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்று என் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அந்த நம்பிக்கையில்தான் தூண்டில் நரம்பு சுற்றும் ரீல் வாங்கவும் என்னையே அனுப்பினார்.

எண்பத்தெட்டில் பர்மாவில் கலவரம் வந்து அலுவலகங்கள் மூடிக்கிடந்த மாதங்களில் அவருக்குத் தூண்டில் பழக்கம் வந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் பயமாக இருக்கிறது, ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் பயம் தெரியவில்லை என்றார். பிறகு அலுவலகம் திறந்தது. எழுத்தர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பயமும் ஒருவாறு பழகிப்போனது, தூண்டில் மட்டும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாதா கோயிலுக்குக் கிளம்புவேன், அவர் ரயில் பிடித்து, பஸ் மாறி, ஷ்வேப்யிதா பக்கம் லைங் ஆற்றுக்குப் போவார். கொடுவா மீனுக்கு. பர்மாக்காரர்கள் அதைக் கக்கடி என்பார்கள். கிடைத்தால் இரண்டு நாளுக்குக் குழம்பு. கிடைக்காவிட்டால் வெயிலில் கறுத்த முகத்தோடு வருவார், அன்றைக்கும் சந்தோஷமாகத்தான் வருவார்.

அந்த ஆறு எனக்குப் பிடிக்காது. காலையில் சேறாகக் கிடக்கும் இடத்தில் மதியம் கடல் ஏற்றம் வந்து ஆள் முழுகும் தண்ணீர் நிற்கும். இவருக்கு நீச்சல் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருக்கு முப்பது அடி தள்ளி நின்று தூண்டில் போட்ட மனிதர் சேறு சரிந்து உள்ளே போனார். பேசிக்கொண்டே போனாராம். மூன்று நாள் கழித்துத்தான் உடம்பு கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு இவர் சோறு இறங்காமல் எழுந்து போனார், சரி, இத்தோடு விட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறே மறுபடியும் தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நான் கரையில நிக்கிறவன். தண்ணியில கால் வைக்கிறதே இல்லை. நீ ஏன் கெடந்து அடிச்சுக்கிறே?" என்றார். அது உண்மைதான். அப்போது அவர் தண்ணீரில் கால் வைத்ததே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், கப்பலில் போன ஒருவரிடம் அவர் வாங்கி வைத்திருந்த பழைய ரீலின் பல்சக்கரம் தேய்ந்துபோய், சுற்றினால் வெறுமனே சுழன்றது. லத்தாவில் இரும்புச் சாமான் தெருவில் ஒரு கடையில் ரீல் விற்பார்கள், ஞாயிறன்று திறக்கமாட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூட வேலை மதியத்தோடு முடிந்துவிடும், அதனால் நான் போவது என்று முடிவாயிற்று. சம்பளத்தில் ஒதுக்க முடிந்த தொகை ஒன்றுதான், அதற்குமேல் ஒரு கியாட் கூட இல்லை.

முதல் நாள் மாலை சாப்பாட்டு மேசையில் பழைய ரீலை வைத்துப் பாடம் நடத்தினார். "சில்லறைக் காசுக்குப் புதுசா மினுமினுன்னு ஒண்ணு காட்டுவான். உள்ள பத்து பேரிங் இருக்குன்னு ஒட்டி வச்சிருப்பான், அதை நம்பாதே. மொதல்ல கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டிப் பாரு, லொடலொடன்னு ஆடக்கூடாது. சுத்திவிட்டுட்டு டக்குன்னு நிறுத்து, பின்னால போகக்கூடாது. இந்தக் கம்பி வளையத்தை இருபது தடவ திறந்து மூடு. நரம்பு வந்து விழுற இந்தச் சின்ன உருளை நகத்தால தள்ளினா சுத்தணும்." கடைசியாக முன்னால் இருந்த திருகைத் தொட்டார். அதை அவர் பிரேக் என்பார். "இதுதான் உசிரு. பெரிய மீன் ஓடுறப்போ நரம்பை மெதுவா விட்டுக்கொடுக்கணும். பாதி இறுக்கிட்டு நரம்பை இழுத்துப் பாரு, வெண்ணெய் மாதிரி வரணும். பிடிச்சு பிடிச்சு வந்தா தொடாதே."

நான் எதையும் ஒரு தடவை சொன்னால் மறக்கிறவள் இல்லை. மறுநாள் கடையில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

எங்கள் தொகைக்கு இரண்டு ரீல் இருந்தன, இரண்டும் ஒரே விலை. ஒன்று கறுப்பு, ஜப்பானில் செய்தது, யாரோ கப்பல்காரர் விற்றுவிட்டுப் போனது. உடம்பெல்லாம் கீறல். கைப்பிடி அசையவில்லை, நரம்பு வெண்ணெய் மாதிரியே வந்தது. மற்றது தங்க நிறம், சீன எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த புதுச்சரக்கு, பத்து பேரிங் என்று ஒட்டியிருந்தது. பிரேக்கை இறுக்கினால் பிடித்துக்கொண்டது, தளர்த்தினால் நரம்பைக் கொட்டியது. நடுவில் ஒன்றுமே இல்லை.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? நான்கு வாரம் நரம்பு அறும், மீன் தப்பும், வெறுத்துப்போவார். புது ரீல் வாங்கக் காசு இல்லை. கம்பு தானாகக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நான் ஒரு வார்த்தை சண்டை போட வேண்டாம்.

கடைக்காரர் வயதான சீனர், பர்மிய மொழியில்தான் பேசினார். "ஸயாமா, கறுப்பை எடுத்துக்கங்க" என்றார். நான் டீச்சர் என்பது என் பையைப் பார்த்தாலே தெரியும். "தங்கம் குளத்துக்குச் சரி. ஆத்து மீனுக்கு இது ஆகாது."

"குளத்துக்குத்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். ஐந்து சோதனையும் சரியாகச் செய்த கை. தங்க ரீலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலை என் கணவர் காகிதத்தைப் பிரித்தார், கைப்பிடியை ஆட்டினார், பிரேக்கை ஒரு திருகு திருகினார். மறுபடி திருகினார். பிறகு நிமிர்ந்து, "நல்ல ரீலா பாத்து வாங்கியிருக்கே" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

முதல் இரண்டு ஞாயிறும் நான் நினைத்தபடியே நடந்தது. நரம்பு அறுந்தது, வெறுங்கையோடு வந்தார். மாதா கோயிலில் முழங்கால் போட்டு, அந்த ரீல் சீக்கிரம் உடையட்டும் என்று ஜெபித்தேன். வெட்கத்தை விட்டு இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு ஒரு கொடுவாவோடு வந்தார். அவருடைய அரைக்கால் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கீழ்த்தையலில் சேறு. ஈரம் முழங்காலைத் தாண்டியிருந்தது.

"தண்ணியில இறங்கினீங்களா?"

"ரெண்டடி. இந்த ரீலு நரம்பை விடமாட்டேங்குது. மீன் ஓடுறப்போ நானும் கூடவே நாலு எட்டு உள்ள போனா நரம்பு அறாது. ரீல் விடலைன்னா என்ன, நான் விட்டுக்கொடுக்கிறேன்." சிரித்தார். "இப்ப நான்தான் பிரேக்கு."

என் கையில் சோப்பு அப்படியே இருந்தது. அவர் வெறுத்துப்போவார் என்று கணக்குப் போட்டவள் நான். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிற மனிதர் அவர் என்பதை, பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறு மாலை வந்தாலே எனக்கு அதே வேலை. குழாயடியில் அந்தச் சட்டையை விரித்துச் சேற்றுக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு வாரம் பாதித் தொடை. அடுத்த வாரம் பாக்கெட் வரைக்கும். மழை பிடித்துக்கொண்டது, ஆறு பெருகியது, கோடு இடுப்புக்கு வந்தது. தேய்த்துத் தேய்த்துத் துவைத்தாலும் பழைய கோடுகள் மங்கலாக நின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக. மீனும் முன்னைவிடப் பெரிதாகக் கிடைத்தது.

லத்தாவுக்கு மறுபடியும் ஓடினேன். கையிலிருந்த மெல்லிய வளையலை விற்றாவது கறுப்பை வாங்கிவிடுவது என்று போனேன். நான் வந்துபோன அதே வாரம் அது விற்றுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். "குளத்துல மீன் எப்படி?" என்று கேட்டார். நான் திரும்பி நடந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த ரீலு சரியில்லைன்னு தோணுது. தூக்கிப் போட்டுடுங்களேன்."

"நீ பாத்து வாங்கினது. அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி என் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற மனிதரிடம், நான் திட்டம் போட்டு உங்களுக்குக் கெட்ட சாமான் வாங்கி வந்தேன் என்று எப்படிச் சொல்வது? நான் கோழை. மீனைத் தின்றேன்.

அடுத்த ஞாயிறு அவருடைய மேல்சட்டைப் பையில் கையை விட்டேன். தீப்பெட்டி கூழாகிக் கிடந்தது. சுருட்டு ஊறிப் பிரிந்திருந்தது. அந்தப் பை அவர் நெஞ்சில் இருப்பது.

அதற்கடுத்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. அவர் கிளம்பிய பிறகு அடுத்த ரயிலைப் பிடித்தேன். ஷ்வேப்யிதாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தொழிற்சாலைச் சுவர் ஓரமாகச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். கரையில் மூன்று பர்மாக்காரர்கள் தூண்டிலோடு நின்றார்கள். என் கணவர் கரையில் இல்லை. தலையும் தோளும் தூக்கிய இரண்டு கையும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கம்பு வளைந்திருந்தது. பெரிய மீன். அது ஓட ஓட இவர் பின்னாலேயே ஒவ்வொரு எட்டாகப் போய்க்கொண்டிருந்தார்.

"தண்ணி ஏறுது, இந்த ஆள் கேக்கமாட்டேங்கிறார்" என்றார் ஒருவர் என்னிடம்.

நான் கத்தினேன். அவருக்கு மட்டும் புரிகிற தமிழில், அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "விட்டுடுங்க! அது கெட்ட ரீலு! எனக்குத் தெரியும்! தெரிஞ்சேதான் வாங்கினேன்!"

அவர் திரும்பிப் பார்த்தார். திரும்பிய வேகத்தில் கால் சறுக்கியது, தலை உள்ளே போனது. கம்பு தனியாக, ஆள் இல்லாமல், தண்ணீரின் மேல் சரசரவென்று போயிற்று. தங்க ரீல் ஒரு தடவை மினுங்கியது. பிறகு அதுவும் இல்லை, அவரும் இல்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் பேசிய மனிதர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூங்கிலை நீட்டியதும், ஒரு கை வந்து அதைப் பிடித்ததும்தான் நினைவில் இருக்கிறது.

சேற்றில் உட்கார்ந்து இருமி முடித்ததும், "முதல் நாளே எனக்குத் தெரியும்" என்றார். "திருகைத் தொட்டவுடனே தெரிஞ்சுபோச்சு. நீ ஏமாந்து வரமாட்டே. வீட்டுல ஏதோ தட்டுப்பாடு, மலிவா ஒண்ணை வாங்கிட்டுக் காசை மிச்சம் பிடிச்சிருக்கேன்னு நெனச்சேன். கேட்டா நீ குறுகிப்போவே. அதான் நல்ல ரீலுன்னே சொல்லிக்கிட்டு வந்தேன்."

"மிச்சம் பிடிக்கலங்க. அதே விலைக்கு நல்லது பக்கத்துலயே இருந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"நீங்க வெறுத்துப்போகணும்னு. இந்த ஆத்துக்கே வரக்கூடாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். சந்தையில் நான் முட்டையைப் பிடித்துப் பார்ப்பேனே, அப்படி.

அதற்குப் பிறகு அவர் ஆற்றுக்குப் போகவே இல்லை. நான் கேட்டது முழுசாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை கூட என்னைத் திட்டவில்லை, வெளியே யாரிடமும் சொல்லவும் இல்லை. என்னைப் பற்றிப் பெருமை பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்த மாதக் கடைசியில் நான் ஒரு குடை வாங்கி வந்தேன். அவர் அதை வாங்கி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார். நான் எண்ணவில்லை, ஆனால் இருபது தடவை இருக்கும்.

பிறகு கடிகாரம், பிறகு விளக்கு, பிறகு அரிசி. அவர் ஓய்வு பெற்று, ரத்தக் கொதிப்பு வந்து, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் தினமும் மாத்திரை போட வேண்டியதாயிற்று. மாத்திரை வாங்கி வருவது நான்தான். ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மாத்திரை அட்டையுமாகப் பக்கத்தில் நிற்பேன். அவர் அட்டையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். நான் தம்ளரோடு காத்திருப்பேன். படித்து முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.