மாமாவின் பெட்டிக்கு ஏற்ற கொழுக்கி

பெரியம்மாவுக்குப் பஸ்ஸில் ஏறினாலே குமட்டிச் சத்தி வரும். திரியாயில் அவருடைய மகள் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபூரல் வைத்தபோது, உப்புவெளியிலிருந்து அவரைப் படுக்கவைத்துத்தான் கூட்டிப்போக வேண்டும் என்றாகிவிட்டது. மாமா ஒரு பழைய டிராக்டர் பெட்டிக்குக் கூரை போட்டு, பின்னால் ஒரு ஜன்னலும் வைத்து, வெள்ளைக்காரர்கள் இழுத்துத் திரிவது போன்ற படுக்கை வண்டியாக்கினார். காற்றுக்காகப் பெரியம்மா ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளோட்டத்தில் பெரியம்மாவோடு நானும் உள்ளே இருந்தேன். மாமா ஓட்டிய வான் வண்டியின் பின்னால் பெட்டி இடமும் வலமுமாக ஆடியது. நான் போட்ட கூச்சலில் மாமா பாதியிலேயே திருப்பிவிட்டார்.

பெரியம்மா பருத்த உடம்புக்காரர். அவர் பின்னால் படுத்தால் பெட்டியின் வால் தாழ்ந்து, முன்பக்கம் எழும்பி வானின் பின்புறத்தையே தூக்கியது. ஆட்டத்துக்குக் காரணம் இதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்காகச் செய்த வண்டியில் அவரிடமே அதைச் சொல்லத்தான் ஆளில்லை. ஆகவே, பெட்டியை வானோடு இணைக்கும் கொழுக்கியில் குற்றம் கண்டார்கள். மாமா துறைமுகப் பக்கத்து இரும்புக் கடைகளில் அலைந்து, வேறு இரண்டு கொழுக்கிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். ஒன்றில் இருபுறமும் நீண்ட வில்கம்பிகள் இருந்தன.

"அத்தான், இது பாரத்தை எல்லாச் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்குமாம்," என்று மாமா அப்பாவுக்குச் சக்கரங்களைக் காட்டினார்.

"பாரம் எங்க கிடக்கெண்டு முதல் பாரடாப்பா," என்ற அப்பா, பெரியம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"சரிவராட்டி அக்காவை விட்டிட்டுத்தான் போகவேணும்," என்றார் மாமா, தணிந்த குரலில்.

நான் அழத் தொடங்கினேன். "பெட்டி ஆடும். நான் வரமாட்டன்."

"பயந்தாங்கொள்ளி! நீ வீட்டைக் காத்துக்கொண்டு இரு," என்று மாமா ஏசினார்.

அப்போதுதான் பெரியம்மா குசினியிலிருந்து வந்தார். "பிள்ளையை ஏன் ஏசுறாய்? என்ர மெத்தையை முன்னுக்குப் போடு தம்பி. இவள் எனக்குப் பக்கத்தில கிடக்கட்டும். பயம் தெளியும்."

மாமா மெத்தையை முன்பக்கம் மாற்றிப் போட்டார். அம்மா தேத்தண்ணி போட எழுந்து போனார்.

மறுநாள் பெட்டி கோடு பிடித்தாற்போலப் போனது. மாமா வில்கம்பியைப் புகழ்ந்து தள்ளினார். "ஓமோம், நல்ல சாமான்," என்றார் பெரியம்மா. முன்பக்கத்தில் காற்றே இல்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. திரியாயில் கண்டவர்களிடமெல்லாம், "இவளுக்காகத்தான் முன்னுக்குப் படுத்து வந்தனான்," என்று என் தலையைத் தடவினார்.

இன்று என் மகளின் ஒவ்வொரு தும்மலுக்கும் பதறுகிறேன். பதறியது சரிதானா என்று பிறகு அதற்கும் கவலைப்படுகிறேன். என் பயத்தையும் ஒருவர் மதித்து இடம் மாறினாரே என்று பெரியம்மாவை நன்றியோடு நினைப்பேன். அந்த நன்றி இன்னும் குறையவில்லை. ஆனால் முற்றத்துப் பேச்சு முழுவதும் குசினிக்குக் கேட்டிருக்கும் என்பது மட்டும் அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.