மில் பதியுதீனின் நுளம்புப் பாட்டு

மிளகாய் மில்லின் தொட்டியை உள்ளங்கையால் மூன்று தரம் தட்டிவிட்டு, தூள் இறங்கும் துணிக்குழாயின் கீழே மூக்கைக் கொண்டுபோகிறார் பதியுதீன். கண்ணை மூடி ஒருமுறை இழுக்கிறார். தும்மல் வருவதில்லை. முப்பது வருஷமாக இந்தத் தூளை மூச்சில் வாங்கியவர். வரிசையில் நிற்கும் பெண்ணைக் கிட்ட வரும்படி தலையசைக்கிறார். அவள் காதைக் கொடுக்கிறாள். "மல்லி காணாது, புள்ள," என்கிறார். அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வீட்டில் மல்லி முடிந்துபோனதை மாமியிடம் சொல்லாமல் வந்தவள் அவள்.

மருதமுனையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு வீதியின் கடைசியில் இருக்கிறது அந்த மில். இரண்டு இயந்திரங்கள்: ஒன்று மாவுக்கு, மற்றது தூளுக்கு. பின்னேரங்களில் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளால் வெயில் கம்பி கம்பியாக இறங்கும். அந்தக் கம்பிகளுக்குள் அரிசிமா மிதந்துகொண்டே இருக்கும். ஏறுவதாகவும் தெரியாது, இறங்குவதாகவும் தெரியாது. பேசின்களோடு வந்து பத்து நிமிஷம் காத்து நிற்கும் பெண்கள் கண்ணிமை முதல் செருப்பு வரை வெளிறிப்போவார்கள். வாசலில் நின்று பார்த்தால், யாரோ ஒருவருடைய நித்திரைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். அடுத்த வளவில் தறி அடிக்கும் சத்தமும், அதற்கும் அப்பால் கடலும், மில்லின் இரைச்சலுக்குள் கரைந்து ஒரே சத்தமாகிவிடும்.

பதியுதீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கைவைத்த பனியன், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரன். புருவத்தில் இருப்பது நரையா மாவா என்று பகலில் சொல்ல முடியாது. அஸர் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி உளு எடுக்கும்போதுதான் அவருடைய சரியான வயது வெளியே வரும். கழுத்தின் குறுக்கே நூல் கட்டியதுபோல ஒரு தழும்பு. அவருடைய குரல் இப்போது காய்ந்த வாழையிலையைத் தடவும் சத்தம் அளவுக்குத்தான் கேட்கும். மில்லுக்குள் அதைக் கேட்க வேண்டுமென்றால் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்படி இல்லை. அப்போது அந்தக் குரல் வீதி முனை வரை வரும்.

மோட்டார் ஓடும்போது ஒரே சுருதியில் முனகும். அந்த முனகலைப் பிடித்துக்கொண்டு, தகரத் தொட்டியில் தாளம் தட்டி, காத்து நிற்கிற பெண்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்க அவர் பாடத் தொடங்கியது எந்த வருஷமென்று அவருக்கே ஞாபகமில்லை. எல்லாம் அவரே கட்டிய பகிடிப் பாட்டுகள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வாங்கப் போனவனை ஆடே வீட்டுக்குக் கூட்டிவந்த பாட்டு ஒன்று. காஸ் வரிசையில் நின்ற ஒருவன் அங்கேயே பெண் பார்த்து, நிக்காஹ் முடித்து, பேரப்பிள்ளையும் கண்டு, இன்னும் சிலிண்டர் கிடைக்காமல் நிற்கிற பாட்டு ஒன்று. ஊரில் டெங்கு பரவிய ஒரு மாரியில் கட்டிய நுளம்புப் பாட்டுத்தான் எல்லாவற்றையும் விட அதிகம் சுற்றியது.

நுளம்பொண்டு மாப்புள்ளயா வந்திரிச்சி, சீதனமா
வலையில்லா வீடொண்டு கேட்டிரிச்சி.
நீங்க என்ன சொந்தமெண்டு மாமா கேக்க
ரத்த உறவுதான் மாமா எண்டிரிச்சி.

யாரோ ஒரு பெண் அதைப் போனில் பதிந்து குடும்பக் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது போகாத இடமில்லை. கல்முனைக் கடைகளில் கேட்டது. கொழும்பு பஸ்ஸில் கேட்டது. ஒருநாள் டோஹாவிலிருந்து பதியுதீனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒரே அறையில் தங்கியிருந்த பன்னிரண்டு பேர் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை மட்டும் பதிந்து அனுப்பியிருந்தார்கள். அதை அவர் ஒரு வாரம் வருவோர் போவோருக்கெல்லாம் போட்டுக் காட்டினார் என்று அவருடைய மனைவி சபூறா சொல்வார்.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. வெட்டியெடுத்தார்கள். குரல் போகக்கூடும் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், சொன்னபடியே போனது. அதைப் பதியுதீன் பொறுமையாகத்தான் ஏற்றுக்கொண்டார். ஒரு மாதம் கழித்து மில்லைத் திறந்தபோது, மாவுக்காகக் காத்திருந்த ஒரு மனிதர் பேச்சோடு பேச்சாக, "அல்லாஹ் தந்த தொண்டயப் பகிடிக்குச் செலவழிச்சா என்ன செய்ற," என்று சொல்லிவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு போனார். வீடு போய்ச் சேருமுன்பே அவர் அதை மறந்திருப்பார். பதியுதீன் மறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போகத் தொடங்கினார். வாசல் படலையில் நின்று, வருகிறவரின் காதருகே குனிந்து, தன்னுடைய பாட்டு போனில் கிடந்தால் அழித்துவிடும்படி கேட்பார். தன் போனில் இருந்ததையெல்லாம் முதலிலேயே அழித்துவிட்டார், அந்தப் பன்னிரண்டு பேரின் சிரிப்பையும் சேர்த்து. ஊரார் அவரை வருத்தப்படுத்த விரும்பவில்லை. மூத்தவருக்குரிய மரியாதையோடு "ஓம் காக்கா" என்று ஒத்துக்கொள்வார்கள். ஒருவரும் அழிக்கவில்லை. அவர் யாருடைய போனையும் வாங்கிப் பார்த்ததுமில்லை. சொன்னதை நம்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார். என் வீட்டுக்கும் வந்தார். நானும் ஓம் என்றேன், அழிக்கவில்லை.

ஏன் இப்படி என்று அன்றைக்குக் கேட்டேன். சைக்கிள் சீற்றில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நான் மவுத்தாகி மண்ணுக்குள்ள போன பொறகும் அது ஊரெல்லாம் சுத்திக்கிட்டுத் திரியும், தம்பி. அதுக்கெல்லாம் அங்க போய் நான் பதில் செல்லணுமே."

அவரிடம் மறுத்துப் பேசியவர் ஒருவர்தான். பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் ஹுஸ்னியா. அவருடைய தாய் நோயில் கிடந்த கடைசி மாதங்களில், மா இடிக்கப் போக வேண்டுமென்று பிள்ளைபோல அடம்பிடித்து மில்லுக்கு வருவாராம். ஹுஸ்னியா ஒருநாள் பாட்டைப் பதிந்தபோது தாயும் பக்கத்தில் இருந்திருக்கிறார். "அழிக்க மாட்டன் காக்கா," என்றார் ஹுஸ்னியா. "அதுக்குள்ள எங்கட உம்மா சிரிக்கிறா. உங்களுக்கு நான் ஒவ்வொரு தொழுகைலயும் துஆ கேக்கிறன். அழிக்க மட்டும் செல்லாதீங்க." பதியுதீன் படலையைச் சாத்திவிட்டு, அன்றைக்கு வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் திரும்பினார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சைக்கிளை எடுத்தார்.

சபூறா என்னிடம் சொன்னது வேறு. பகலில் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாத மனிதர், நித்திரையில் சிரிக்கிறாராம். கனவில் என்ன கண்டீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாராம்.

அந்தச் சைக்கிள் பயணம் நின்றது இந்த வருஷம் பெப்ரவரியில்.

சாய்ந்தமருதுவிலிருந்து கடலுக்குப் போன ஒரு இயந்திரப் படகு திரும்பி வரவில்லை. அதில் மூன்று பேர்: ஸஹீத், அவருடைய மச்சான் இன்ஸாப், வினாயகபுரத்தைச் சேர்ந்த யோகநாதன். தேடிப்போன படகுகள் வெறுமனே திரும்பின. பத்தாம் நாளுக்குப் பிறகு ஊரில் அவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்கள். பதினாறாம் நாள், தூரக் கடலில் நின்ற ஒரு பெரிய மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டது. மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள், வீட்டில் ஒரு வாரம். பிறகு, ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின், மூன்று பேரும் மில்லுக்கு வந்தார்கள். வெயிலில் உரிந்த முகம் இன்னும் ஆறியிருக்கவில்லை. இன்ஸாப் சுவரைப் பிடித்துத்தான் நடந்தான். நான் அன்றைக்கு இடியப்ப மாவுக்காக அங்கே நின்றேன்.

அவர்கள் யாரென்று சொன்னதும் பதியுதீன் இரண்டு மில்லையும் நிறுத்தினார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் காது அடைத்ததுபோல இருந்தது. ஸஹீத் சொல்லத் தொடங்கினார். இயந்திரம் இரண்டாம் நாளே நின்றுவிட்டதாம். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. மழைத் தண்ணீரைத் தார்ப்பாயில் ஏந்திக் குடித்தார்கள். பகலும் இரவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நித்திரை எது விழிப்பு எது என்று தெரியாமல் போனது. ஸஹீத்தின் போனில் நுளம்புப் பாட்டு இருந்தது. போனில் சார்ஜ் இருக்கும் வரை அதைப் போட்டுக் கேட்டார்கள்.

"நாலாம் நாள் போன் செத்துட்டு, காக்கா. மறுகா வாயாலதான் பாடினம். ஆனா மில்லுச் சத்தம் இல்லாம உங்கட பாட்டு வருகுதில்ல. யோகநாதன் அண்ணன்தான் மில்லு. அவரு ம்ம் எண்டு புடிச்சிக்கிட்டு இருப்பாரு, நாங்க பாடுவம்."

யோகநாதன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, பெரிய உடம்புள்ள மனிதர். பெண்களில் இரண்டொருவர் சிரித்தார்கள். பதியுதீன் சிரிக்கவில்லை. ஸஹீத்தின் அருகே போய் அவர் காதில் ஏதோ கேட்டார். ஸஹீத் சத்தமாகவே பதில் சொன்னதால் கேள்வி எங்களுக்கு விளங்கியது.

"தொழுத நேரம் தொழுதம், காக்கா. துஆ கேக்கிற நேரம் கேட்டம். அண்ணனும் அவருட சாமியக் கும்பிட்டாரு. மிச்ச நேரம் எவ்வளவு கெடந்திச்சி தெரியுமா? அதுக்குத்தான் உங்கட பாட்டு."

பதியுதீன் அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

ஸஹீத் மச்சானைக் காட்டினார். "பதினொராம் நாள் இவன் கதைக்கிறத நிப்பாட்டிட்டான். கண்ணத் தொறந்தபடி கெடந்தான். முடிஞ்சிது எண்டுதான் நெனச்சன். கலிமா செல்லிக் குடுத்தன். மறுகா என்ன நெனச்சனோ, இவன்ட காதுக்குள்ள அந்த ரத்த உறவு வரியப் பாடினன். சிரிச்சான், காக்கா. சிரிச்சுப்போட்டுத் தண்ணி கேட்டான்." மச்சானின் தோளில் கையை வைத்தார். "அதுக்கு நன்றி செல்லத்தான் வந்தம்."

பதியுதீன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்து மாவில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. அப்போது இன்ஸாப் முதல்தடவையாக வாய் திறந்தான். பாட்டில் தாங்கள் இரண்டு வரி கூட்டிக் கட்டிவிட்டதாகவும், கேட்காமல் செய்ததற்குக் குறை நினைக்க வேண்டாமென்றும் சொன்னான். ஒவ்வொரு நாளும் அந்த வரியில் நாட்கணக்கை மட்டும் மாற்றிப் பாடுவார்களாம்; அதனால்தான் எத்தனை நாளென்று தவறவில்லையாம்.

பதியுதீன் தலையை நிமிர்த்தினார். "பாடுங்க," என்றார். அந்த அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது.

யோகநாதன் கண்ணை மூடி, அடித்தொண்டையில் மில்லைத் தொடங்கினார். உண்மையான மோட்டாரின் சுருதி அச்சொட்டாக வந்தது. மற்ற இருவரும் பாடினார்கள்.

பதினாறு நாள் கடலில கெடந்தமே மாமா, ஒரு
நுளம்பாச்சும் சொந்தமெண்டு வந்திரிச்சா?

கூச்சத்தில் இரண்டு வரியையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்கள். பாதிப் பேருக்குச் சொல் பிடிபடவில்லை. மரியாதைக்குச் சிலர் புன்னகைத்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

பதியுதீன் முகத்தைச் சுளித்தார். சாக்கிலிருந்து எழும்பி வந்து, இருவருக்கும் நடுவே நின்று, "ஓடாதீங்க," என்றார். "சனத்த நிக்கவைங்க. மாமா எண்டுட்டு நில்லுங்க, கேள்விய மறுகா போடுங்க." இன்னொருமுறை என்று சைகை காட்டினார்.

யோகநாதன் மறுபடி முனகத் தொடங்கினார். இம்முறை இருவரும் பதியுதீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நிதானமாக, முதல் வரியைப் பாடினார்கள். "மாமா" என்ற சொல் முடிகிற இடத்தில் பதியுதீன் சுட்டுவிரலை உயர்த்தினார்.

எல்லாம் நின்றது. வெயில் கம்பிகளில் மா மிதந்தது. இன்ஸாபின் வாய் அடுத்த சொல்லுக்காகத் திறந்தபடி இருந்தது. பேசின் வைத்திருந்த ஒருத்தி முந்திக்கொண்டு வந்த சிரிப்பை முக்காட்டால் அடைத்தாள். பதியுதீனின் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய் வந்தன. இப்போது விடுவார் என்று நினைத்தோம். அவர் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டி, இன்னும் கொஞ்சம் என்பதுபோல, விரலை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்.