லேமினேஷன் போட்ட திருமணச் சான்று

என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். என்னை அங்கே அழைத்துக்கொள்ள, எங்கள் திருமணப் பதிவுச் சான்றில் அரசு முத்திரைகள் வாங்க வேண்டும் என்றார். முக்கூடலிலிருந்து நானும் மாமியாரும் திருநெல்வேலிக்குப் போய், நோட்டரி வக்கீலிடம் சான்றைக் கொடுத்தோம்.

"லேமினேஷன் போட்டிருக்கியளேம்மா! இதுல எங்கன சீல் வைக்க?" என்றார் அவர்.

பக்கத்தில் அத்தையின் கண்கள் கலங்கிவிட்டன.

"தண்ணி கிண்ணி பட்டுரக் கூடாதுன்னு நாந்தான் போட்டேன் தாயீ. உன்னை அவங்கிட்ட போகவிடாம நானே கெடுத்துட்டனே!"

நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கை உரிக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டேன்.

"உரிச்சா எழுத்தும் சேந்து வந்துரும். கல்யாணத்தைப் பதிஞ்ச ஆபீஸ்ல இன்னொரு நகல் கேளுங்க, குடுப்பாவ."

உடனே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினோம். மனு எழுதிக் கொடுத்து நகல் கைக்கு வரும்வரை அத்தை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த நகலில் சென்னை, டெல்லி, தூதரகம் என எல்லா முத்திரைகளும் விழுந்து, விசாவும் வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறேன்.

இப்போதெல்லாம் எந்தச் சான்றையும் சாதாரண பிளாஸ்டிக் உறையில்தான் போட்டு வைக்கிறேன். அத்தையோ, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணமகளிடம், "சர்ட்டிபிகேட்டுக்கு மட்டும் லேமினேஷன் போட்டுராத தாயீ" என்று சொன்ன பிறகுதான் பந்தியில் உட்காருகிறார்.