உட்கார்ந்து அடிக்கும் மேளம்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எங்கள் இசைக்குழுவின் பாடகி சுமதி போன் செய்தாள். "வேலண்ணன் போயிட்டாருங்க. கம்பெனியிலயே நெஞ்சு வலியாம்." மறுநாள் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது: தொழிலாளி மரணம். இரும்பு உருக்கும் இடத்தில் வருடக்கணக்காக அவரை ஒப்பந்தக் கூலியாகவே வைத்திருந்தார்கள் என்பது அதில் இல்லை. டிரம்மர் என்ற சொல்லும் இல்லை. கொல்லங்கோடு முதல் கோவிந்தாபுரம் வரை கல்யாண மேடைகளில் வேலுச்சாமி அடிக்க நீங்கள் ஆடியிருப்பீர்கள். விட்டுப்போன அந்தச் சொல்லை உங்களுக்காக எழுதுகிறேன்.

நான் அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவன். குச்சி வாங்கக் கோயம்புத்தூர் போனால் துணைக்கு என்னை இழுத்துக்கொள்வார். கடையின் கண்ணாடி மேசைமேல் ஒவ்வொரு குச்சியாக உருட்டுவார். கோணல் இருந்தால் அது தத்தித் தத்தி ஓடும். தேறியவற்றை மேசை விளிம்பில் தட்டிக் காதால் ஜோடி சேர்ப்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்தார். "ஏனுங்க, குச்சி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணுன்னா ஒருத்தரோட ஒத்துப்போனா போதுமுங்க. இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகோணும்."

எப்போதும் தடித்த குச்சிதான். மெல்லிய குச்சியில் கை வேகமாக ஓடும் என்று நான் சொன்னேன். "மைக்கெல்லாம் பாடறவங்களுக்குத்தாண்டா. நமக்குக் கைதான் மைக்," என்றார். உண்மை. எங்கள் மேடைகளில் டிரம்ஸுக்கு யாரும் மைக் வைத்ததில்லை. டிரம்ஸும் சிறியது. மொத்தமே நாலு டிரம், தாம்பாளம் மாதிரி மூன்று ஜால்ரா. எல்லாம் ஓர் ஆட்டோவின் பின்னால் அடங்கும். அதோடு ஒரு ஸ்டூல். அதை மட்டும் வேறு யாரையும் தூக்க விடமாட்டார்.

குழுவை நடத்தும் ராஜண்ணன் ஒருநாள் ரிதம் பேட் வாங்கி வந்தார். கரண்டில் ஓடும் பலகை, குச்சியால் தட்டினால் எல்லா மேளமும் அதிலேயே கேட்கும். "இது மதி வேலா, இதொண்ணே போதும். பைக்லயே கொண்டு போலாம்," என்றார். வேலண்ணன் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"உக்கார எடம் எங்கீங்க?"

"இதை நின்னுட்டுத்தான் அடிக்கறது."

"நின்னுட்டு அடிக்கறதுன்னா எங்க ஊட்லயே தப்பட்டை இருக்குதுங்க. அதுக்குக் கரண்டும் வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் அப்பா மாரன் தப்பட்டை அடித்தவர். கல்யாணமானால் தோப்புக்காரர் வாசலுக்கு வெளியே நின்று அடித்தார், சாவானால் பிணத்துக்கு முன்னால் நடந்து அடித்தார். மேளம் கேட்டவர்கள் எதிரில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கல்பாத்தி அக்கிரகாரக் கச்சேரியில் மிருதங்கக்காரருக்குக் கம்பளம் விரிப்பார்கள். அதுவும் தோல்தான், இதுவும் தோல்தான். உட்காரும் உரிமையைச் சாதி பங்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வேலண்ணன் தன் தெருக்கோயில் நோன்புத் திருவிழாவுக்குத் தப்பட்டையை ஆசையாக அடிப்பார். "தப்பட்டை மேல எனக்குக் கோவமில்லைடா. நிக்க வெச்சவன் மேலதான்," என்பார். டிரம்ஸை அவர் தேர்ந்தெடுத்ததே அது உட்கார்ந்து அடிக்கும் மேளம் என்பதால்.

கோவிந்தாபுரம் பக்கம் ஒரு தோப்புக்காரர் வீட்டுக் கல்யாணம். ராஜண்ணன் எதற்கும் இருக்கட்டும் என்று ரிதம் பேடையும் வண்டியில் போட்டிருந்தார். மேடையில் எல்லாம் பூட்டி முடித்தபோது பெண்ணின் பெரியப்பா வந்தார்.

"இவன் தப்பட்டக்கார மாரன் பையன்தானே?"

"ஆமாங்க," என்றார் வேலண்ணன்.

"பெரியவங்கெல்லாம் கீழ உக்காந்திருக்கறோம். இவன் மேல ஏறி உக்காந்துக்கறதா? நின்னு அடிக்கச் சொல்லுங்க."

ராஜண்ணனுக்கு முகம் வெளுத்தது. "வேலா, பேட் வண்டியில கெடக்குது," என்று முணுமுணுத்தார். அன்று நின்றிருந்தால் அதன்பிறகு எல்லா மேடையிலும் நின்றே அடித்திருக்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. வேலண்ணன் அசையவில்லை.

"ஒரு கால் பெரிய டிரம்முக்குங்க, ஒரு கால் இந்த ஜால்ராவுக்குங்க. ரெண்டு காலுக்கும் வேலை இருக்குது. நின்னா எந்தக் கால்லீங்க நிக்கறது?"

முன்வரிசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. "அப்ப ஸ்டூலையாவது எறக்கிப் போடு."

"ஆகட்டுங்க."

குனிந்து ஸ்டூலின் திருகைச் சுழற்றினார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, ஸ்டூல் ஏறியது. சொல் செல்லுபடியான திருப்தியில் பெரியப்பா போய் உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டுக்கு அவர் தலையும் ஆடியது. அந்தப் பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்லி ஆளும் அனுப்பினார்.

உடனே ஊர் திருந்திவிடவில்லை. எங்களுக்குச் சோறு பந்தியில் இல்லை, வாழைத்தோப்பு ஓரத்தில்தான். வேலண்ணன் ஸ்டூலைத் தூக்கி வந்து அதில் உட்கார்ந்து, மடியில் இலையை வைத்துக்கொண்டு, இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கினார். திரும்பும் வண்டியில் ராஜண்ணன் கேட்டார், "ஏன்டா, எறக்கச் சொன்னா ஏத்துனியா?"

"கை நல்லா வருதுங்க."

ராஜண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரமே ரிதம் பேடை விற்றுவிட்டார்.

சாவு வீட்டில் அவர் தெரு ஆட்கள் தப்பட்டையோடு வந்து நின்றார்கள். மனைவி சரசக்கா அழுகையை நிறுத்திவிட்டு, பக்கத்து வீடுகளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து வந்து போட்டார். "உக்காந்து அடிங்க. அவருக்கு அதுதான் புடிக்கும்." தயங்கினார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்து அடித்தார்கள். நான் கேட்டதிலேயே நல்ல அடி அது.

டிரம்ஸை மகளுக்கு வைத்துக்கொண்டு ஸ்டூலை எனக்குக் கொடுத்தார் சரசக்கா. "ஆட்டம் கண்டுபோச்சு, பாத்து உக்காரு கண்ணு," என்றார். இதுவரை நின்று வாசித்தவன் இப்போது அதில் உட்கார்ந்து வாசிக்கிறேன். நான் அவரைவிடக் குள்ளம், நுனிக்கால்தான் தரையில் படுகிறது. திருகு அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கீபோர்டு ஸ்டாண்டைத்தான் ஏற்றிக்கொண்டேன்.